கதிர்வீச்சில் சேர்ந்து கீமோவுக்கு மாறலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹவுஸ் சர்ஜன்சி முடித்து, மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வு எழுதிவிட்டேன். புற்றுநோய் மருத்துவராக வேண்டும் என்பதில் மாற்றமில்லை. என் ரேங்கிற்கு எம்.டி. ரேடியேஷன் ஆன்காலஜி (கதிர்வீச்சுப் புற்றுநோய் சிகிச்சை) கிடைக்கும், ஜெனரல் மெடிசின் கிடைக்காது. இதில் சேர்ந்துவிட்டு, பிறகு கீமோ போன்ற மருந்துகளால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் டி.எம். மெடிக்கல் ஆன்காலஜி மேல்படிப்புக்கு மாறிக்கொள்ளலாமா?

ர., திருநெல்வேலி

அன்புள்ள ர.,

மாறலாம். டி.எம். மெடிக்கல் ஆன்காலஜிக்கு ஜெனரல் மெடிசின், குழந்தை மருத்துவம் படித்தவர்களைப் போலவே ரேடியேஷன் எம்.டி.யும் தகுதியானவர்தான். ஆனால் அதற்கான நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வில் உங்களோடு போட்டியிடுபவர் மூன்று வருடமும் வார்டில் இதயம், சிறுநீரகம், காய்ச்சல் என்று பார்த்துவிட்டு வந்திருப்பார். அந்த மூன்று வருடமும் நீங்கள் சி.டி. படத்தில் கோடு வரைந்துகொண்டிருப்பீர்கள். ஏணியாக மட்டும் நினைத்தால் இது மோசமான ஏணி.

கோடு வரைவதை இளக்காரமாகச் சொல்லவில்லை. அந்தத் துறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. தொண்டைப் புற்றுநோயாளி ஒருவருக்கு தலை அசையாமலிருக்க முகமூடி வார்த்து, சி.டி. எடுத்து, கதிர் எங்கே பாய வேண்டும், எங்கே கூடாது என்று காட்டப் படத்துக்குப் படம் கட்டியையும் தண்டுவடத்தையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தனித்தனியே வரைய வேண்டும். கட்டிக்குப் பெரும்பாலும் 70 கிரே (கதிர்வீச்சின் அளவு): நாளுக்கு 2 வீதம் 35 தவணை, ஏழு வாரம். தண்டுவடம் 45 முதல் 50 கிரே வரைதான் தாங்கும். காதருகே உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரி 26-ஐத் தாண்டினால் வாய் உலர்ந்தே போகும். கோடு சில மில்லிமீட்டர் உள்ளே போனால் கட்டி ஓரத்திலிருந்து திரும்ப முளைக்கும். நான்காம் வாரம் வாக்கில் சாப்பிட முடியாமல் நோயாளி இளைப்பார், முகமூடி தொளதொளக்கும், கழுத்து உள்ளே நகரும். அதைக் கவனித்து மறுபடி சி.டி. எடுத்துத் திட்டத்தைத் திருத்தாதவர் முதல் நாள் வரைந்த அழகான கோட்டால் பயனில்லை.

மெடிக்கல் ஆன்காலஜி வேறு உலகம். கீமோ எழுதுவது பாதி வேலைதான். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து வாழ்நாள் மொத்தம் உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 450–550 மில்லிகிராமை நெருங்கினால் இதயம் பழுதாகலாம். கீமோ முடிந்து பத்தாம் நாள் இரவு காய்ச்சல், நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) 500-க்குக் கீழே என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். இதற்கு ஜெனரல் மெடிசின் அடித்தளம் எவ்வளவு உதவும் என்று உங்களுக்கே தெரியும்.

கால அளவையும் பாருங்கள். எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று: எட்டரை வருடத்தில் ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட் முழு நிபுணர். மெடிக்கல் ஆன்காலஜிக்கு டி.எம். மூன்றும் சேர்த்துப் பதினொன்றரை. ஆனால் கதிர் பாய்ச்சும் லீனியர் ஆக்ஸிலரேட்டர் கருவியைச் சொந்த கிளினிக்கில் வைக்க முடியாது. தடித்த கான்கிரீட் அறை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, மருத்துவ இயற்பியலாளர் எல்லாம் வேண்டும். கருவி இருக்கும் ஊரில்தான் உங்கள் வேலை.

படங்களோடும் இயற்பியலோடும் மணிக்கணக்கில் உட்கார மனம் ஒப்பினால் சேருங்கள். மனம் வார்டில்தான் இருக்கிறது என்றால், வீட்டாரின் பொறுமை இருக்கும்வரை நீட் பி.ஜி.யை இன்னொரு முறை எழுதுங்கள். சேர்வதென்றால் கவுன்சலிங்கில் கல்லூரியின் பெயரை விடக் கருவியைப் பாருங்கள்: கோபால்ட் கருவி மட்டும்தானா, லீனியர் ஆக்ஸிலரேட்டர் உண்டா, பிரேக்கிதெரபி (கதிர்மூலத்தைக் கட்டிக்கு உள்ளேயோ அருகிலோ வைக்கும் சிகிச்சை) வாரம் எத்தனை நடக்கிறது. அங்கே இப்போது படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.