உப்புச் சிமிழும் செய்கூலியும்

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க வியன்னா போயிருந்தபோது, அங்கே அருங்காட்சியகத்தில் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி செய்த தங்க உப்புச் சிமிழைப் பார்த்தேன். கடல் தேவனும் பூமித் தேவியும் எதிரெதிரே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் பக்கத்தில் உப்புக்கு ஒரு படகு, அவள் பக்கத்தில் மிளகுக்கு ஒரு கோயில். மிளகு நம் பக்கத்திலிருந்து போனதுதானே என்று பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் ஒரு சிட்டிகை உப்புக்கு இத்தனை தங்கமா? நிஜமாகவே அதில் உப்பு வைத்தார்களா, இல்லை வெறும் ஆடம்பரமா? விஷம் பட்டால் நிறம் மாறும் என்பதால்தான் அரசர்கள் வெள்ளித் தட்டில் சாப்பிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். ரோமில் ஒரு வங்கிக்காரர் ஒவ்வொரு பதார்த்தம் முடிந்ததும் வெள்ளித் தட்டுகளை ஆற்றில் எறியச் சொன்னாராமே? மக்கள் பட்டினி கிடந்த காலத்தின் இந்தத் திமிரையெல்லாம் கலை என்று எப்படிக் கொண்டாடுவது?

ம.

அன்புள்ள ம.,

மிளகை முதலில் முடித்துவிடுவோம். மலபார் கரையிலிருந்து போனதுதான். சிமிழ் உருவான 1540-43இல் அது போர்ச்சுகீசியக் கப்பலில் லிஸ்பனுக்கும், செங்கடல் வழியாக வெனிஸுக்கும் போய்க்கொண்டிருந்தது. இதில் நீங்களும் நானும் பெருமைப்பட என்ன இருக்கிறது? கொடியில் ஏறிப் பறித்தவனுக்கு என்ன கூலி கிடைத்தது என்று யோசியுங்கள், போதும்.

விஷம் பற்றி நீங்கள் படித்தது தப்பு. சுத்தமான வெள்ளைப் பாஷாணம் வெள்ளியில் ஒரு கறையும் போடாது. கந்தகம் கலந்த மட்டச் சரக்கு கறுக்கலாம், அவித்த முட்டையும்தான் கறுக்கும். அரசவைகளில் விஷத்தைக் கண்டுபிடிக்க நம்பியது வேறு பொருட்களை. 'பாம்பின் நாக்கு' என்று பெயர் வைத்து, கல்லாய்ப்போன சுறாப் பற்களை ஒரு சிறு உலோக மரத்தில் தொங்கவிட்டு மேஜையில் வைப்பார்கள். 15ஆம் நூற்றாண்டு மரம் ஒன்று நீங்கள் போன அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பாம்பின் நாக்கே அல்ல, சுறாவின் பல் என்று டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ 1667இல் எழுதிக்காட்டினார். தட்டே விஷத்தைக் காட்டிக்கொடுக்கும் என்றால் இந்த மரம் எதற்கு, முதல் கவளம் தின்று பார்க்க ஓர் ஆள் எதற்கு?

ஆற்றில் எறிந்தவர் அகொஸ்தினோ கீஜி. கதையின் பின்பாதியை விட்டுவிட்டீர்கள். தண்ணீருக்கடியில் வலை கட்டியிருந்தது, விருந்துக்கு வந்த போப்பும் மற்றவர்களும் கிளம்பியதும் வேலைக்காரர்கள் இழுத்து எடுத்துக்கொண்டார்கள் என்பதும் அதே கதைதான். எனக்கு அதில் பிடித்தது அந்த வலை: எறிவதுபோலக் காட்டினாரே தவிர, வெள்ளியை விட்டுவிடவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'ஆடம்பரம்' என்ற தீர்ப்பு. அதைச் சொல்ல நினைத்த நேரத்தில் அந்தப் பாத்திரங்கள் என்ன வேலை செய்தன என்று கேட்டிருக்கலாம். இத்தனை தூரம் போய், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்!

விருந்தில் பொன்னும் வெள்ளியும் அடுக்கி வைத்தது பெரும்பாலும் சாப்பிடுவதற்கே அல்ல. இடைக்காலத்தில் பெரிய வீட்டு விருந்தாளிகூடச் சாப்பிட்டது ரொட்டியின் மேல்: நாலு நாள் பழைய முரட்டு ரொட்டியைத் தடிமனாக வெட்டித் தட்டாக வைப்பார்கள். பாத்திரங்கள் இருந்த இடம் சுவரோரத்து அடுக்கு மேடை. எத்தனை அடுக்கு என்பதற்கும் வரிசை உண்டு. 15ஆம் நூற்றாண்டு பர்கண்டி வழக்கப்படி அரசிக்கு ஐந்து, கவுன்ட் பட்டமுள்ள பிரபுவின் மனைவிக்கு மூன்று. 1527இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இங்கிலாந்து மன்னரின் தலைமை அமைச்சர் கார்டினல் வுல்ஸி பிரெஞ்சுத் தூதர்களுக்கு வைத்த விருந்தில் ஆறு அடுக்கு, கீழ் அடுக்கு முழுக்கச் சுத்தத் தங்கம். யாரும் நெருங்காதபடி சுற்றிலும் கம்பித் தடுப்பு. அங்கிருந்த அவருடைய ஊழியர் கேவண்டிஷ் எழுதிவைத்திருக்கிறார்: விருந்து முடியும்வரை அந்த அடுக்கிலிருந்து ஒரு பாத்திரத்தைக்கூட யாரும் அசைக்கவில்லை, பரிமாற வேறு பாத்திரங்கள் தாராளமாக இருந்தன.

அப்படியென்றால் அது என்ன? கஜானா. நாணயமாகப் பெட்டியில் கிடந்தால் யாருக்கும் தெரியாது, பாத்திரமாக அடுக்கினால் கடன் கொடுப்பவனும் பெண் கொடுப்பவனும் வந்து பார்த்துக்கொள்வான். பணமுடை வந்தால் உருக்கிக்கொள்ளலாம். அரண்மனைப் பொருள்பட்டியல்களைப் பாருங்கள், ஒவ்வொரு உருப்படிக்கும் எடை இருக்கும், செய்தவன் பெயர் அநேகமாக இருக்காது.

நகைக்கடையில் பழைய சங்கிலியைப் போடும்போது செய்கூலியும் சேதாரமும் என்ன ஆகின்றன என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். அதேதான் அங்கேயும். 1643 ஜனவரியில், உள்நாட்டுப் போருக்குக் காசில்லாமல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளின் பாத்திரங்களைக் கேட்டார். பிறகு திருப்பித் தருவதாகச் சொன்ன விலை: வெறும் வெள்ளிக்கு அவுன்ஸுக்கு 5 ஷில்லிங், தங்க முலாம் பூசியதற்கு 5 ஷில்லிங் 6 பென்ஸ். நியூ இன் ஹால் நாணயச்சாலையில் அவை காசாகின. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கிண்ணங்கள், மூடிகள், உப்புச் சிமிழ்கள். வேலைப்பாட்டுக்கு என்ன விலை? ஒரு பென்னிகூட இல்லை. முலாமுக்கு 6 பென்ஸ்.

அந்த 6 பென்ஸ் முலாம் எப்படி ஏறியது என்று சொல்கிறேன், அப்புறம் திமிரைப் பற்றிப் பேசுவோம். 12ஆம் நூற்றாண்டுத் துறவி தியோஃபிலஸ் கொடுக்கும் அளவு, எடையில் ஒரு பங்கு தங்கத்துக்கு எட்டுப் பங்கு பாதரசம். தங்கத்தைத் தகடாக அடித்துத் துண்டாக்கி, மூசையில் (உலோகம் உருக்கும் மண்கிண்ணத்தில்) சிவக்கக் காய்ச்சி, ரசத்தை ஊற்றிக் கிளறினால் கரைந்துவிடும். தண்ணீரில் கொட்டிக் கழுவி, தோலில் வைத்துப் பிழிந்தால் மிச்ச ரசம் வெளியேறி, பூசும் பதத்தில் ஒரு களிம்பு நிற்கும். வெள்ளியைத் துளி எண்ணெய்ப்பசை இல்லாமல் தேய்த்து, முதலில் மேலெல்லாம் ரசம் பிடிக்க வைக்க வேண்டும். விரல் பட்ட இடத்தில்கூடத் தங்கம் ஒட்டாது, திட்டு விழும். பிறகு களிம்பைத் தடவிக் கரி அனலில் காட்டுவார்கள். ரசம் ஓடி ஓரிடத்தில் சேரப் பார்க்கும். பன்றிமயிர்த் தூரிகையால் இடைவிடாமல் பரத்திக்கொண்டே இருக்க வேண்டும். அனல் கூடினால் ரசம் தெறித்துப் புள்ளி விழும், மேலும் கூடினால் தங்கம் வெள்ளிக்குள் இறங்கி மேற்பரப்பு வெளிறிப்போகும். ஈயமும் தகரமும் வைத்துப் பற்றவைத்த மூட்டு இருந்தால் ரசம் அதைத் தின்றுவிடும், கைப்பிடி தனியே வந்துவிடும். எல்லாம் சரியாக நடந்தால் பளபளப்பில்லாத மஞ்சள் பரப்பு கிடைக்கும். அதை வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்த்தால்தான் முலாமின் மினுமினுப்பு. கனமான பூச்சு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு முறை.

அனலில் போன ரசம் எங்கே போனது? பக்கத்தில் குனிந்து நின்றவனின் நுரையீரலுக்கு. ஈறு வீங்கும், பல் ஆடும், கை நடுங்கும். தூரிகை பிடிக்க வேண்டிய கை. செல்லினியே தன் பொற்கொல்லத் தொழில் நூலில், முலாம் பூசுவதைப் பெரிய கலைஞர்கள் தாங்களே செய்யக்கூடாது, அதையே பிழைப்பாகக் கொண்டவர்களிடம் விட்டுவிட வேண்டும், ரசம் கொடிய விஷம், அவர்கள் சில வருஷமே உயிரோடிருப்பார்கள் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். எத்தனை சாதாரணமாகச் சொல்கிறார் பாருங்கள்! பட்டினி கிடந்தவனைப் பற்றிக் கேட்டீர்களே, அவன் பட்டறைக்குள்ளேயே இருந்தான். உருக்கும்போது அந்த முலாமும் தானாகப் பிரிந்து வராது. வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தங்கத்தைத் தனியே எடுக்க வேண்டும், அதற்கும் செலவு.

அதே முலாமை ஆடம்பரம் என்று தள்ளவும் முடியாது. உப்பு வைத்தார்களா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு இங்கேதான் பதில். உப்புச் சிமிழ்களில் உப்பு வைத்தார்கள், நித்தமும் வைத்தார்கள். ஈர உப்பு வெள்ளியை அரிக்கும், சாம்பலும் கறுப்புமாகப் புள்ளி விழும், வெள்ளியோடு கலந்த செம்பு பச்சை பூக்கும். அதனால்தான் வெள்ளிச் சிமிழில் உப்புக் குழிக்குள் முலாம், வெளிப்புறத்தை வெறுமனே விட்டாலும்கூட. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பரிமாறல் கையேடு ஒன்று, உப்பு வெள்ளையாக, நைசாக, உலர்ந்து இருக்க வேண்டும், அதை மட்டப்படுத்தும் தந்தப் பலகை 2 அங்குல அகலம், 3 அங்குல நீளம், சிமிழின் மூடி உப்பைத் தொடக்கூடாது என்று சொல்கிறது. எடுப்பது சுத்தமான கத்தி முனையால். இறைச்சியைக் கொண்டுபோய்ச் சிமிழில் தோய்ப்பவன் நாகரிகம் தெரியாதவன். நீங்கள் பார்த்த சிமிழ் சுத்தத் தங்கம், அதற்கு அரிப்புப் பயம் இல்லை. அடியில் கருங்காலிப் பீடத்துக்குள் தந்த உருண்டைகள் இருக்கின்றன, மேஜையில் உருட்டி நகர்த்துவதற்கு. அலங்காரத்துக்கு மட்டும் என்றால் உருண்டை எதற்கு?

அதன் தங்கமும் நாணயமாக இருந்ததுதான். பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிஸ் ஆயிரம் பழைய பொற்காசுகளை எடைபார்த்துக் கொடுக்கச் சொன்னதாகவும், வீட்டுக்கு எடுத்துப்போகும் வழியில் நாலு பேர் வாளோடு மறித்ததாகவும் செல்லினி தன் வரலாற்றில் எழுதுகிறார். மனிதர் தன்னைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் மன்னர் கொடுத்தது மூன்று கிலோவுக்கு மேற்பட்ட காசு. எப்போது வேண்டுமானாலும் அது திரும்பக் காசாகியிருக்கலாம். 1570இல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் சார்லஸ் அதை ஆஸ்திரியாவின் டிரோல் பகுதி ஆட்சியாளர் ஃபெர்டினாண்டுக்குத் திருமணச் சம்பந்தத்தை ஒட்டிப் பரிசாகக் கொடுத்துவிட்டார், பிரான்ஸை விட்டுப் போனதால் பிழைத்தது. பிரான்ஸிலேயே இருந்திருந்தால்? பதினான்காம் லூயி 1689இல் வெர்சாயின் வெள்ளி மேஜை நாற்காலிகளையே போர்ச் செலவுக்கு உலைக்கு அனுப்பியவர். நாம் இன்று பார்ப்பதெல்லாம் இப்படித் தற்செயலாகத் தப்பிய சில்லறை. அதை வைத்து அந்தக் காலமே இப்படித்தான் மினுங்கியது என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து மகளைப் பார்க்கப் போகும்போது லண்டன் வழியாகப் போக முடிந்தால், பிரிட்டிஷ் மியூசியத்தில் புனித ஆக்னஸின் கதையை எனாமலில் சொல்லும் தங்கக் கிண்ணத்தைப் பாருங்கள். 23.6 சென்டிமீட்டர் உயரம், கிட்டத்தட்ட 2 கிலோ தங்கம். 1391இல் பெர்ரி கோமகன் ஜான் தன் அண்ணன் மகனான பிரான்ஸ் மன்னர் ஆறாம் சார்லஸுக்குக் கொடுத்தது. பிறகு இங்கிலாந்து மன்னர்களிடம் இருந்தது. 1604இல் ஸ்பெயினோடு சமாதானம் ஆனபோது முதலாம் ஜேம்ஸ் அதை ஸ்பெயின் பக்கம் வந்த காஸ்டீலின் கான்ஸ்டபிளுக்கு (உயர்ந்த பிரபுப் பட்டம்) கொடுத்தார், அவர் ஒரு கன்னிமாடத்துக்குக் கொடுத்தார். படத்தைவிடத் தண்டைப் பாருங்கள்: பிற்பாடு இரண்டு வளையங்களைச் செருகி உயரமாக்கியிருக்கிறார்கள், ஒன்றில் இங்கிலாந்தின் டியூடர் அரச வம்சத்துச் சின்னமான ரோஜா, இன்னொன்றில் கான்ஸ்டபிளின் லத்தீன் வாசகம். அப்புறம் மூடியைப் பாருங்கள். 1391ஆம் ஆண்டுப் பட்டியலின்படி அதன் உச்சியில் 4 நீலக்கல், 3 சிவப்புக்கல், 15 முத்து பதித்த குமிழ் ஒன்று இருந்தது. இப்போது இல்லை. எளிதில் கழற்றி விற்கக்கூடியதுதானே அது.