கடைக்கு ஒரு கம்ப்யூட்டர், தொடுவது நாலு பேர்: லாகின் திரை, பயனர் கணக்கு கேள்வி பதில்

கும்பகோணத்தைச் சுற்றிக் கடை, அரிசி ஆலை, வீடு என்று கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். லாகின் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டன. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதுகிறேன். (10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, மாற முடிந்தவர்கள் மாறிவிடுங்கள்.)

மன்னார்குடி, உரக்கடை: அண்ணே, கடையில் ஒரே சிஸ்டம். நான், வீட்டுக்காரி, பில் போடும் பையன், சாயங்காலம் வரும் மகன், எல்லாரும் ஒரே கணக்கு. மகன் ஏதோ கேம் ஏற்றியதிலிருந்து திரை முழுக்க விளம்பரம். பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?

போதாது தம்பி. மாற்றின பாஸ்வேர்டை அன்றைக்கு மதியமே நாலு பேருக்கும் சொல்லத்தான் போகிறீர்கள். ஆளுக்கு ஒரு கணக்கு போடுங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான்.

இப்போது எல்லாரும் நுழைவது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில். எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், அழிக்கலாம். ஸ்டாண்டர்டு கணக்கில் இருப்பவர் பில் போடலாம், படம் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். சிஸ்டத்தையே தொடுகிற மாதிரி எதையாவது ஏற்றப் போனால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்டு நின்றுவிடும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளலாம், மதகுச் சாவி உங்களிடம்.

முதலில் ஏறியிருக்கும் கேமை எடுத்துவிட்டு, வைரஸ் ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள். அப்புறம் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் ‘ஆட் அக்கவுன்ட்’ கொடுங்கள் (10-இல் ‘ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்’, ‘ஆட் சம்ஒன் எல்ஸ்’ என்று இருக்கும்). மெயில் முகவரி கேட்கும். அந்த நபரின் விவரம் இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலே சேர்க்கும் வழி அடுத்த திரையில் வரும். புதுக் கணக்கு தானாகவே ஸ்டாண்டர்டாகத்தான் பிறக்கும். பையனுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, வீட்டில் அவர்களுக்கு ஒன்று. நீங்களும் அன்றாட வேலைக்கு ஒரு ஸ்டாண்டர்டு கணக்கு வைத்துக்கொண்டு, அட்மின் கணக்கை ஏதாவது ஏற்றும்போது மட்டும் எடுங்கள்.

ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஒருவர் கணக்கின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் அடுத்தவரின் ஸ்டாண்டர்டு கணக்கில் தெரியாது. ஆனால் டி டிரைவில் போட்டது பெரும்பாலும் எல்லாருக்கும் திறந்தே கிடக்கும், அழிக்கவும் முடியும். கடைக் கணக்கு டி டிரைவில் இருந்தால் அந்த ஃபோல்டரின் புராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி போய் யார் யாருக்கு அனுமதி என்று பாருங்கள்.

திருவாரூர், கல்லூரி மாணவி: அண்ணா, பாஸ்வேர்ட் சரியாகத்தான் அடிக்கிறேன். தப்பு தப்பு என்கிறது. நேற்றுவரை நன்றாக இருந்தது. புதிதாக எதுவும் செய்யவில்லை, தமிழ்99 கீபோர்ட் மட்டும் சேர்த்தேன்.

அந்த ‘மட்டும்’தான் காரணம் பாப்பா. லாகின் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே தமிழ் என்று நின்றால், நீங்கள் கே தட்டும்போது உள்ளே ‘ம’ விழுகிறது, ஜே தட்டினால் ‘ப’ விழுகிறது. புள்ளி புள்ளியாகத் தெரிவதால் உங்களுக்குத் தெரியாது. பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பிடித்தால் என்ன விழுகிறது என்று காட்டும். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கு மாறிவிடும்.

தினமும் இந்தத் தொல்லை வேண்டாம் என்றால், உள்ளே போனதும் டைம் அண்ட் லாங்வேஜ் பகுதியில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்வேஜ் செட்டிங்ஸ் திறங்கள். ‘காப்பி செட்டிங்ஸ்’ பொத்தானில் வெல்கம் ஸ்கிரீனுக்கு, அதாவது லாகின் திரைக்கு, என்ன மொழி என்று தெரியும். உங்கள் கணக்கில் ஆங்கிலத்தை முதலில் வைத்துவிட்டு, அதை அங்கே நகலெடுங்கள். தமிழ்99-ஐ எடுத்துவிடாதீர்கள், நல்ல பழக்கம் அது.

திருவையாறு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, வீட்டில் நானும் அவளும்தான். ஆன் செய்தால் நேராகத் திறக்க வேண்டும்.

செய்யலாம் ஐயா. செட்டிங்ஸில் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய், விண்டோஸ் ஹலோ (முகம், விரல்ரேகை, பின் நம்பர் வழியாக நுழைவது) மட்டுமே அனுமதி என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அணையுங்கள். அப்புறம் விண்டோஸ் பொத்தானோடு ஆர் தட்டி, வரும் பெட்டியில் என், ஈ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட் என்ற எட்டு எழுத்தை ஆங்கிலத்தில் சேர்த்து அடியுங்கள். மேலே இருக்கும் டிக்கை எடுத்து ஓகே கொடுத்தால் பாஸ்வேர்டை இரண்டு தடவை கேட்கும். அங்கே பின் நம்பர் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் தட்டும் சின்ன எண்) செல்லாது, கணக்கின் முழு பாஸ்வேர்டைக் கொடுங்கள். தூங்கி எழும்போதும் கேட்கக் கூடாது என்றால், அது சைன்-இன் ஆப்ஷன்ஸிலேயே தனியாக இருக்கிறது, ‘நெவர்’ வையுங்கள்.

ஆனால் பென்ஷன் வரும் வங்கிக் கணக்கை அதே கம்ப்யூட்டரில் திறப்பீர்கள் என்றால் இதைச் செய்யாதீர்கள் ஐயா. நாலு இலக்கம் தட்ட ரெண்டு நொடி.

பாபநாசம்: பின் நாலு எண்தானே, பாஸ்வேர்டைவிட எப்படிப் பாதுகாப்பு?

அந்தப் பின் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமே செல்லும். மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்ட் வெளியே போனால் மெயில், இணையத்தில் ஃபைல் வைக்கும் ஒன்டிரைவ் எல்லாம் போகும். விரும்பினால் பின்னில் எழுத்தும் சேர்த்துக்கொள்ளலாம்.

நாகப்பட்டினம், மீன் ஏற்றுமதி அலுவலகம்: அண்ணே, ஒரு ஊழியர் நின்றுவிட்டார். அவர் கணக்கை நீக்கிவிடட்டுமா?

இன்றைக்கு வேண்டாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நெல் வியாபாரி ஆபீஸில் இதே கேள்வி. கணக்கும் தரவும் நீக்கப்படும் என்று திரை சொன்னதைப் படிக்காமல் சரி என்று தட்டிவிட்டேன். அந்த சம்பாக் கொள்முதல் எக்செல் முழுக்க அந்த ஆளின் டெஸ்க்டாப்பில் இருந்தது. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. எடைச்சீட்டுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி திரும்ப அடித்தோம். ஈரம் பட்டு மை கலைந்த சீட்டுகளை விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அட்மினில் நுழைந்து சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரில் அவர் பெயரில் இருப்பதை முழுதாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். பிரவுசரிலோ அவுட்லுக்கிலோ ஆபீஸ் மெயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்து நீக்குங்கள். பழைய கன்ட்ரோல் பேனல் வழியாக நீக்கினால் ஃபைல்களை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டுத் தரும். மெயில் அதில் வராது.

மயிலாடுதுறை: லாகின் திரையில் என் மெயில் முகவரி எல்லாருக்கும் தெரிகிறது. மறைக்க வழி?

சைன்-இன் ஆப்ஷன்ஸின் கடைசியில் அக்கவுன்ட் விவரம் காட்டும் சுவிட்ச் இருக்கிறது, அணையுங்கள். பின்னணிப் படம் கேட்டவர்களுக்கு: பெர்சனலைசேஷன், லாக் ஸ்கிரீன்.

வேதாரண்யம்: லேப்டாப் திருட்டுப் போனால் லாகின் பாஸ்வேர்ட் காப்பாற்றுமா?

அது மட்டும் காப்பாற்றாது தம்பி. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபைல்கள் அப்படியே திறக்கும். அதற்குத்தான் டிஸ்க்கையே பூட்டும் பிட்லாக்கர். புது லேப்டாப்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே தானாகப் பூட்டிக்கொள்கிறது, சொந்தக்காரருக்கே தெரியாது. மதர்போர்டு மாற்றிய அன்றைக்கு நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் நானும் ஒன்றும் செய்ய முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் அந்த கீ இருக்கும். இன்றைக்கே பார்த்து, ஒரு தாளில் எழுதி, நிலப் பத்திரம் இருக்கிற பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் வேண்டாம்.