பின் பிரேக்கை லாக் செய்வது எப்படி? ஜீப்காரர்களின் கேள்விகளும் பட்டறைப் பதில்களும்

மலைப் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பின் பிரேக்கை லாக் செய்ய என்ன வழி? யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எதற்கு லாக் என்றுதான். நிறுத்தி வைக்கவா, திருப்பவா, சறுக்கவா? மூன்றுக்கும் சாமான் வேறு வேறு.

கோத்தகிரியிலிருந்து: அண்ணே, என்னுடையது பழைய மகிந்திரா ஜீப். ஹேண்ட் பிரேக் கேபிள் பின் டிரம்முக்குப் போகிறது. மேட்டில் நிறுத்தினால் லீவரை முழுக்க இழுத்தும் பின்னால் இறங்குகிறது. லைன் லாக் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். மாட்டலாமா?

உங்கள் நோய்க்கு அது மருந்து இல்லை, தம்பி. லைன் லாக் என்பது பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயின் நடுவே உட்காரும் ஒரு வால்வு. பெடலை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைத் தட்டினால் பிரேக் ஆயிலின் அழுத்தம் உள்ளேயே அடைபட்டுவிடும். காலை எடுத்தாலும், டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ அதை விடாது. டிராக் ரேஸில் இதையே முன் சக்கரத்துக்குப் போட்டு, பின் டயரை நின்ற இடத்தில் சுழற்றிச் சூடேற்றுவார்கள். அங்கே அது சில நொடி வேலை. ஜீப்பில் வின்ச் (வடத்தைச் சுருட்டி இழுக்கும் கருவி) இழுக்கும்போது, நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கையில், கொஞ்ச நேரம் கைகொடுக்கும். அவ்வளவுதான்.

நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். லாக் போட்டுவிட்டு டீக்கடையில் இறங்கினேன். கிளாஸில் பாதி டீ இருக்கும்போது வண்டி அங்குலம் அங்குலமாக நகர்கிறது. சத்தமே இல்லை, டயருக்கு அடியில் சரளை நொறுங்குவது மட்டும் கேட்டது. அப்புறம் டிரம்மைப் பிரித்துப் பார்த்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்றின் ரப்பர் கப் லேசாக வியர்த்திருந்தது. ஓட்டும்போது தெரியவே தெரியாத கசிவு. அடைத்து வைத்த அழுத்தம் இறங்க ஒரு துளி போதும். ஆயில் சூடு ஆறிச் சுருங்கினாலும் அழுத்தம் குறையும். மின்சாரத்தில் பிடிக்கும் வால்வு என்றால் பேட்டரி படுத்ததும் பிரேக்கும் விட்டுப்போகும். பார்க்கிங் பிரேக் ஆயிலை நம்பி நிற்கக் கூடாது, கேபிளோ லீவரோ இரும்பாலேயே பிடித்து நிற்க வேண்டும் என்று விதிமுறைகள் கேட்பது இதனால்தான்.

நீங்கள் முதலில் டிரம்மைக் கழற்றுங்கள். ஆக்சில் சீல் போய், ஷூவின் உரசும் பரப்பான லைனிங்கில் ஆயில் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறியிருந்தால் பெட்ரோல் ஊற்றித் துடைத்து ஏமாற வேண்டாம், சீலோடு ஷூவையும் மாற்றுங்கள். அடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசுகிற அளவுக்கு ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். கேபிள் கடைசியில்தான். பல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கேபிளை மட்டும் இறுக்கி அனுப்பிவிடுவார்கள், இரண்டு மாதத்தில் பழைய கதை.

போடியிலிருந்து: அவசரத்துக்குப் பின் பிரேக் ஹோஸை லாக்கிங் பிளையரால் கவ்விவிட்டால் போதாதா?

வேண்டாம். ஹோஸின் உள்சுவர் கிழியும். கிழிந்த ரப்பர் வால்வு மாதிரி மடங்கி நின்றால், நீங்கள் கேட்காதபோதும் பிரேக் பிடித்தே கிடக்கும்.

நுவரெலியாவிலிருந்து: ஐயா, என்னிடம் சீரிஸ் 3 லேண்ட் ரோவர் இருக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் பின் சில்லு ஒன்றை ஜாக்கியில் தூக்கினேன். வாகனம் உருளத் தொடங்கிவிட்டது. பிரேக் பழுதா?

பிரேக் நன்றாகத்தான் இருந்திருக்கும். உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. எஞ்சின் சக்தியை முன் பின் ஆக்சில்களுக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் இருக்கிறதே, அதுதான். அது ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஷாஃப்டின் சுழற்சியை இரண்டு சில்லுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் 4.7-க்கு 1 (சில்லு ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.7 சுற்று) என்பதால் அந்தச் சிறிய டிரம்மின் பிடி ஆக்சிலில் 4.7 மடங்காகிறது. தரையில் இரண்டு சில்லும் இருக்கும்வரை அருமையான ஏற்பாடு.

ஒன்றைத் தூக்கியதும் கதை மாறும். ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும், தரையில் உள்ள சில்லு முன்னால் உருள, அந்தரத்தில் இருப்பது அதே அளவு பின்னால் சுழலும். டிஃபரன்ஷியல் அதைத் தடுக்காது. ஆகவே ஜாக்கி வைக்கும் முன் லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் நிலை) போடுங்கள். உங்கள் வண்டியில் லோ போட்டாலே நான்கு சில்லும் சேர்ந்துவிடும், முன் ஆக்சிலும் பிடிக்கும். முன்னால் ஃப்ரீ வீலிங் ஹப் (முன் சில்லை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் ஹப்) இருந்தால் அதையும் லாக் செய்யுங்கள். அதோடு, தரையில் இருக்கும் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். இன்னொன்று: ஓடும்போது இந்த பிரேக்கை இழுக்காதீர்கள், அடி முழுக்க ஷாஃப்டுக்கும் கியருக்கும் போகும்.

தேனியிலிருந்து: கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்ப ஒரு பக்கப் பின் சக்கரத்தை மட்டும் லாக் செய்ய முடியுமா, சார்?

டிராக்டர் ஓட்டியிருக்கிறீர்களா? அதில் இடது வலது என்று இரண்டு பிரேக் பெடல் இருக்கும். உழும்போது இரண்டையும் இணைக்கும் கொக்கியைக் கழற்றிவிட்டு, வரப்போரம் வந்ததும் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் டிராக்டர் அந்தச் சக்கரத்தை ஊன்றித் திரும்பும். ஜீப்பில் அதே வேலையைச் செய்வது கட்டிங் பிரேக்: பக்கத்துக்கு ஒரு லீவர், லீவருக்கு ஒரு சிறிய சிலிண்டர். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவே உட்காரும். பின் சக்கரங்களுக்கு ஒரே குழாய் போகும் வண்டியில் அதை இரண்டாகப் பிரித்தாக வேண்டும்.

உள்பக்கச் சக்கரம் நின்றதும் வெளிச்சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். மண்ணில் அழகாகத் திரும்பும், தார் ரோட்டில் டயரும் ஆக்சிலும்தான் அழும். இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் டிஃப் லாக் போட்டிருந்தால் ஒரு பக்கம் பிடித்தாலே இரண்டும் நிற்கும், வண்டி திரும்பாது. டிஃப் லாக்கோடு வரும் ஃபோர்ஸ் கூர்க்கா ஜீப் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பொதுச் சாலையில் ஓடும் வண்டி என்றால் எனக்கு இதில் விருப்பமில்லை. கம்பெனி அமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் போய் இடிக்கும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியின் குழாயை வெட்டவே வேண்டாம்.

துபாயிலிருந்து: மணலில் சறுக்கித் திருப்ப ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக்?

ராலி கார்களில் இருப்பதுதான், கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயிலைத் தள்ளும் லீவர். இழுத்தால் பின்னிரண்டும் ஒன்றாக லாக் ஆகும். ஆனால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியை 4 வீல் டிரைவில் வைத்து இழுத்தால் முன் சக்கரமும் சேர்ந்து நிற்கும், எஞ்சின் அணையும். இதை நான் யாருக்கும் மாட்டித் தந்ததில்லை.

வால்பாறையிலிருந்து: எனக்கு எதிர்ப்பக்கப் பிரச்சினை, அண்ணே. ஆற்றைக் கடந்து வந்து ஹேண்ட் பிரேக் போட்டுத் தூங்கினேன். காலையில் லீவரை இறக்கியும் பின் சக்கரம் சுற்ற மாட்டேன் என்கிறது!

காசு செலவில்லாமல் லாக் செய்துவிட்டீர்கள். ஈரத்தில் லைனிங் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, டிரம்மின் மேல் கட்டையை வைத்துச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். டக்கென்று விடும். அடுத்த முறை தண்ணீரைத் தாண்டியதும், பெடலை லேசாக மிதித்தபடி நூறு மீட்டர் மெதுவாக ஓட்டுங்கள், டிரம் காய்ந்துவிடும். ராத்திரி சமதரை பார்த்து நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் தூங்குங்கள்.