பழைய ராணுவ ரைபிளை வாங்கி நவீனப்படுத்தலாமா, அல்லது புதிதாகச் செய்த நகலை வாங்குவது மேலா? (அமெரிக்காவில் இருக்கிறேன்)

எந்த ரைபிள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் "ஸ்கோப்பும் பிளாஸ்டிக் கட்டையும் போட்டால் போதுமா" என்று கேட்டிருப்பதைப் பார்த்தால், ஏற்கெனவே ஒன்றை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, யாராவது "சரி, ஆரம்பியுங்கள்" என்று சொல்லக் காத்திருப்பதாகத் தோன்றுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) இல்லை. ஓஹையோவில் மென்பொருள் வேலை, சனிக்கிழமை காலையில் ரேஞ்ச், அவ்வளவுதான். "தமிழனுக்கு எதற்குத் துப்பாக்கி" என்று கேட்க வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போய்விடுங்கள். இதுவும் கேரம்போர்டு மாதிரி ஒரு பொழுதுபோக்கு. என்ன, பூட்டி வைக்க வேண்டிய பொழுதுபோக்கு.

என்னுடையது இஷாப்பூர் 2ஏ1. நம் ஊர் போலீஸ்காரர்கள் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீயின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷாரின் பழைய லீ-என்ஃபீல்டு வடிவத்தையே வைத்து, குண்டை மட்டும் 7.62 நேட்டோ என்ற வகைக்கு மாற்றி, அந்த அழுத்தத்தைத் தாங்க இன்னும் நல்ல எஃகு போட்டு, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் 1960களில் செய்ய ஆரம்பித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மேகசின் சதுரமாக இருந்தால் தம்பி. ஆக, நவீனப்படுத்துவது என்பது இந்த ரைபிளுக்குப் புதிதல்ல. அதன் பிறப்பே அப்படி. பிற்பாடு இதில் நிறைய இங்கே இறக்குமதியாகி, சிலதைக் குழலை வெட்டி "ஜங்கிள் கார்பைன்" மாதிரி ஆக்கி விற்றார்கள். எனக்குக் கிடைத்தது வெட்டாத முழு ரைபிள். பாடியில் ஆர்.எஃப்.ஐ. (ரைபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) முத்திரை, 1967.

கடையில் அதைப் பார்த்ததற்கும் வாங்கியதற்கும் நடுவே பல வருடங்கள். விசாவில் இருந்தவரை அந்தச் சட்டச் சிக்கலுக்குள் போக எனக்குத் தைரியம் இல்லை (நீங்களும் விசாவில் இருந்தால் முதலில் வக்கீலைக் கேளுங்கள், என்னை அல்ல). கிரீன் கார்டுக்குப் பதினோரு வருடம் காத்திருந்தேன். வருடாவருடம் கொடுக்கும் கார்டுகளில் எந்த நாடாக இருந்தாலும் ஏழு சதவீதம்தான் உச்சவரம்பாம். நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கும் நாட்டுக்கும் அதே ஏழு, சில லட்சம் பேர் இருக்கும் தீவுக்கும் அதே ஏழு. என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒரு ஐரோப்பியருக்கு இரண்டே வருடத்தில் கார்டு வந்தது. அவர் எனக்கே கேக் வெட்டிக் கொடுத்தார். சரி, விடுங்கள். கேள்விக்கு வருகிறேன்.

ரைபிள் முழுக்கக் கறுப்பு பெயின்ட். அதை நீக்கிவிட்டு, மரத்தையும் கழற்றிவிட்டுப் புதுக் கட்டை மாட்டலாம் என்று திட்டம். இணையத்தில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர் பின்பக்கத் தகட்டின் மூடியைத் திறந்து, நீளமான ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு, பட்டை (butt, தோளில் வைக்கும் பின்கட்டை) பிடித்திருக்கும் நீள போல்ட்டைத் திருகிக் கழற்றினார். ஒரே நிமிடம். நானும் விட்டேன். அசையவில்லை. ஐம்பது வருட இறுக்கம் என்று நினைத்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியில் ஸ்பேனர் மாட்டி ஒரு அழுத்து அழுத்தினேன். நகர்ந்தது. கூடவே "டக்" என்று ஒரு சின்னச் சத்தம், முறுக்கு கடிக்கிற மாதிரி. முன்கட்டையின் (குழலுக்குக் கீழே நீளும் மரம்) பின்முனை இரண்டாகப் பிளந்திருந்தது.

வீடியோவில் இருந்தது நம்பர் 4 லீ-என்ஃபீல்டு. என்னுடையது அதற்கு முந்தைய நம்பர் 1 வடிவம். இதில் அந்த போல்ட்டின் நுனி சதுரமாக இருக்கும். போல்ட் தானாகத் தளராமல் இருக்க, அந்தச் சதுரம் முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு தகட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் சதுரமும் சேர்ந்து சுற்றும், மரம் பிளக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

அப்பா நெல்லையில் ஆயுதப்படையில் இருந்தவர். அன்றிரவு போனில் மெதுவாக விஷயத்தை எடுத்தேன். பாதி சொல்லும்போதே, "ஏலே, முன்கட்டையக் கழத்தாமலா பட்டத் திருகுன?" என்றார். நாற்பது வருடத்துக்கு முன்னால் தொட்டது. கேட்டால், புதிதாக வந்த ஒரு பையன் இதையே செய்துவிட்டு ஆர்மரரிடம் (படையில் ஆயுதங்களைப் பராமரிப்பவர்) வாங்கிய திட்டைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார். அப்புறம் வீடியோ காலில் முத்திரையைக் காட்டச் சொன்னார். ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பட்டுக்குள்ள ஆயில் பாட்டில் கெடக்கா?" என்றார். இல்லை. குழலைத் துடைக்கும் கயிறான புல்த்ரூவும் இல்லை. அந்தக் குழி காலியாக இருந்ததுதான் அவருக்கு வருத்தம். மரம் பிளந்ததைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை.

எப்பாக்ஸி விட்டு, குறுக்கே மெல்லிய பித்தளைக் கம்பி செருகி ஒட்டினேன். இந்த ரைபிளில் மரம் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. முன்கட்டை உலோகத்தை எங்கே எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்துத்தான் குண்டு எங்கே விழும் என்பது. பிளந்த கட்டையை அப்படியே கயிற்றால் கட்டி ஒருநாள் சுட்டுப் பார்த்தேன் (செய்யாதீர்கள்). நூறு கஜத்தில் ஏழு அங்குலத்துக்குச் சிதறியது. ஒட்டிய பிறகு நான்குக்குள் வந்தது. பிளாஸ்டிக் கட்டை போட்டால் இன்னும் நன்றாக வரும் என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை. உங்களுக்கு வந்திருக்கலாம்.

இனி உங்கள் விஷயம். எதைத் தொடுவதற்கு முன்பும் கன்ஸ்மித்திடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் (குண்டு உள்ளே உட்காருவதற்கு விடும் இடைவெளி) அளந்துவிடுங்கள். வரிசை எண்ணையும் பாருங்கள். வெறும் துருவைத் துடைத்தால் சரியாகிவிடும் என்று எல்லா ரைபிளையும் நம்பக்கூடாது. அமெரிக்க ராணுவத்தின் பழைய 1903 ஸ்பிரிங்ஃபீல்டில், அந்தப் பெயர் கொண்ட ஆயுதசாலையில் செய்ததில் 8,00,000க்குக் கீழே எண் இருந்தால் சுவரில் மாட்டுங்கள், சுடாதீர்கள். அப்போது எஃகின் சூட்டைத் தொழிலாளர்கள் நிறத்தை வைத்துக் கண்ணால் அளந்தார்கள். சிலது அதிகம் சூடாகி, கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்குப் போய்விட்டது. புதுப் பாலிஷ் போட்டாலும் அது மாறாது.

இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்க ரைபிளான எம்1 கராண்டாக இருந்தால் வேறு கவலை. கனமான புதுக்கால வேட்டைக் குண்டுகளைப் போட்டால் வாயு அழுத்தம் அதிகமாகி, அடுத்த குண்டை ஏற்ற முன்னும் பின்னும் நகரும் கம்பி (ஆப்பரேட்டிங் ராடு) வளையலாம். அழுத்தத்தைக் குறைக்கிற திருகு ஒன்று கிடைக்கிறது. அதை மாட்டிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் பழையபடி கழற்றிவிடலாம். நவீனப்படுத்துவதில் நான் ஒத்துக்கொள்வது இந்த வகையைத்தான், துளை போடாதது. இன்னும் வாங்கவில்லை, குடியுரிமையும் இருக்கிறது என்றால் பழைய ராணுவ ரைபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் சி.எம்.பி. அமைப்பின் "ஸ்பெஷல்" தரக் கராண்டைப் பாருங்கள். பழைய ரிசீவர் (நடு உடல்), புதுக் குழல், புது வால்நட் கட்டை. நகலா பழையதா என்ற உங்கள் கேள்விக்கு அது பாதி வழி. எம்1 கார்பைன்தான் ஆசை என்றால் புதுத் தயாரிப்பே வாங்குங்கள், மனசாட்சி உறுத்தாமல் என்ன வேண்டுமானாலும் மாட்டலாம்.

என் ரைபிளின் கறுப்பு பெயின்ட் அப்படியே இருக்கிறது. பித்தளை ஆயில் பாட்டில் ஒன்று தேடி வாங்கி பட்டுக்குள் போட்டேன், அப்பாவுக்குப் படமும் அனுப்பினேன். அதற்கென்று வாங்கிய ஸ்கோப் மவுண்ட் பெட்டி பிரிக்காமல் கராஜில் கிடக்கிறது. உங்களுடையதும் 2ஏ1 ஆக இருந்து, யாரோ ஏற்கெனவே வெட்டித் துளையும் போட்டதாக இருந்தால் சொல்லுங்கள். அந்த மவுண்டை அனுப்பிவிடுகிறேன், தபால் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.