கரண்ட் வைத்தால் வாப்பாவின் பாதம் தூக்குமா?

கேள்வி: வாப்பாவுக்கு 61 வயது. எட்டு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இப்போது பொல்லு ஊன்றி நடக்கிறார், ஆனால் பாதம் நிலத்தில் இழுபடுகிறது. சீனி வருத்தமும் உண்டு. கரண்ட் கொடுத்துப் பாதத்தைத் தூக்கவைக்கும் கருவியைக் கட்டாரில் இருக்கும் தம்பி வாங்கி அனுப்பப் போகிறார். வாங்கலாமா?
வாசகி, அக்கரைப்பற்று

பதில்: தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் மகள்.

கருவி ஏமாற்று இல்லை. 1961இலேயே லிபர்சன் என்ற மருத்துவரும் குழுவினரும் இதே வேலைக்கு ஒன்றைச் செய்து காட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் எலும்பு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும், தடவிப் பாருங்கள். பாதத்தைத் தூக்கும் தசைக்கான நரம்பு அதைச் சுற்றித்தான் போகிறது. அங்கே ஒட்டும் பட்டை வழியாகச் செக்கனுக்கு 20 முதல் 50 வரையான சிறு மின்துடிப்புகள் போனால் பாதம் தூக்கும். பற்றரியில் ஓடுவது, சுவர்க் கரண்ட் அல்ல.

வாப்பாவுக்குப் பழுதானது மூளைப் பக்கம். டிரான்ஸ்போமர் எரிந்த வீட்டில் ஜெனரேட்டர் கொளுவினால் லைட் எரியும், வீட்டு வயர் நன்றாக இருந்தால். சீனி அந்த வயரையே, அதாவது கால் நரம்பையே கெடுத்திருந்தால் கருவி பெரிதாக உதவாது. கால் மரத்திருந்தால் தோல் புண்படுவதும் தெரியாது. கணுக்கால் இறுகியிருந்தாலும் பாதம் வராது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் வேண்டவே வேண்டாம். வலிப்பு வந்திருந்தால் இயன்மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அதனால் முதலில் கிளினிக்கில் இயன்மருத்துவரிடம் காட்டி, அங்குள்ள கருவியை வைத்துப் பாதம் தூக்குகிறதா என்று பாருங்கள். தூக்கினாலும் ஆரம்பத்தில் பத்து, பதினைந்து நிமிடம் போதும். மூளை தசை இழைகளை முறை வைத்து வேலை வாங்கும். கருவி ஒரே கூட்டத்தையே திரும்பத் திரும்ப எழுப்புவதால் தசை சீக்கிரம் களைத்துவிடும்.

அதுவரை கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை போடலாம். நடை வேகத்தில் கருவிக்கும் அதற்கும் ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விலையோ மிகக் குறைவு.

பிறகும் வாங்குவதென்றால் தம்பி ஒன்றைக் கேட்க வேண்டும்: பாதத்தை எப்போது தூக்குவது என்று கருவிக்குச் சொல்வது குதிக்காலடியில் வைக்கும் சுவிட்சா, காலின் சரிவை உணரும் வகையா? சுவிட்ச் வகைக்குச் செருப்போ சப்பாத்தோ வேண்டும். வீட்டுக்குள்ளும் பள்ளிவாசலிலும் வெறுங்காலோடு நடக்கிற வாப்பாவுக்கு அது பாதி நேரம் பயன்படாது. ஒட்டும் பட்டைகளையும் கூடுதலாக அனுப்பச் சொல்லுங்கள், நம் பக்கத்து வியர்வைக்குப் பசை சீக்கிரம் போய்விடும்.