வெயில் ஏறும் முன் வீட்டுக்கு வந்துவிடுங்கள்

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு இரண்டரை வயது, மகனுக்கு எட்டு மாதம். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மே மாதம் முழுக்க லீவில் வருகிறார். விவேகானந்தர் பாறை, திற்பரப்பு, திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலை, தினமும் கடற்கரை என்று இப்போதே பட்டியல் போட்டுவிட்டார். மாமியாரோ, 'ஒரு வயசு ஆகாத பிள்ளைய இந்த வெயில்ல வெளிய எடுக்கவே கூடாது' என்கிறார். யார் சொல்வது சரி? எங்கே போகலாம்?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மாமியாரின் பயம் நியாயமானது. பெரியவர்களைவிடக் கைக்குழந்தையின் உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். வியர்த்துத் தணித்துக்கொள்ளும் திறனும் குறைவு. அதோடு குமரி மாவட்டத்தில் மே மாதக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. வெப்பமானி 34 டிகிரி காட்டும்போதே பிள்ளை தவித்துப் போவது அதனால்தான். ஆனால் இதற்காக மாதம் முழுக்க வீட்டுக்குள் பூட்டிவைக்க வேண்டியதில்லை. முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள், இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலையில் கிளம்பினால் பதினொரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். மாலை என்றால் நான்கு மணிக்கு முன் வாசல்படி இறங்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே இடம், மறுநாள் ஓய்வு.

பட்டியலில் விவேகானந்தர் பாறையை இந்த வருடம் அடித்துவிடுங்கள். மே மாதத்தில் படகுத்துறை வரிசை நீளம். போதாக்குறைக்கு, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைப் பார்க்கவும் கூட்டம் வருகிறது. வெயில் ஏறிய பாறையில் செருப்பில்லாமல் நடக்க இரண்டரை வயதுப் பிஞ்சுப் பாதம் தாங்காது.

அதற்குப் பதில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். திங்கள்கிழமை விடுமுறை, மதியம் இடைவேளை உண்டு. காலை ஒன்பதுக்குத் திறந்ததும் நுழைந்து, பத்தரைக்கு வெளியே வந்துவிடலாம். மரச்சுவரும் சரிந்த ஓட்டுக்கூரையும் அழிபோட்ட சன்னலுமாகக் கட்டியிருப்பதால் காலையில் உள்ளே நல்ல குளிர்ச்சி. செருப்பைக் கழற்றித்தான் போக வேண்டும். வழவழப்பான அந்தக் கறுப்புத் தரையில் வெறுங்காலோடு நடப்பது உங்கள் மகளுக்குப் பிடித்துப்போகும். மாடிப்படிகள் குறுகலும் செங்குத்துமானவை, தள்ளுவண்டி உதவாது. வரிசையில் ஒரே வழியாகப் போவதால் பாதியில் திரும்புவதும் சிரமம். எனவே நுழைவதற்கு முன்பே பால் கொடுத்து, டயப்பரை மாற்றிவிடுங்கள். சின்னவனை அப்பா பேபி கேரியரில் நெஞ்சோடு கட்டிக்கொள்ளட்டும். குழந்தையின் முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணில் பட வேண்டும். தலை குனிந்து முகவாய் நெஞ்சில் அமுங்கினால் மூச்சு அடைபடும். வெயிலுக்காக முகத்தின் மேல் துண்டு போடுவதும் கூடாது, உள்ளே காற்று நின்று சூடேறும்.

அரண்மனையில் கூட்டம் நெரிந்தால் பக்கத்திலுள்ள புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போகலாம். திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியான டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை இருக்கிற இடம். மர நிழலில் பாய் விரித்து உட்கார்ந்தால் மகள் ஓடியாடிக் களைப்பாள்.

கடற்கரைக்கு மாலையில் போகலாம். ஆனால் மணலில் விளையாட மட்டும். தண்ணீரில் இறங்க வேண்டாம். கேரளத்துக்கும் குமரிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் வருவதை மீனவர் வீடுகளில் எல்லோரும் அறிவார்கள். இந்தியப் பெருங்கடலின் தெற்கே எங்கோ வீசும் புயலில் எழுந்த அலை, பல நாள் பயணப்பட்டு நம் கரைக்கு வரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, கடல் அமைதியாகத் தெரியும். திடீரென்று கரையேறி இழுக்கும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். வளர்ந்த பிள்ளைகளையே இழுக்கிற அலை கைக்குழந்தையோடு நிற்பவரை விடாது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடும் நாளில் கரைப்பக்கமே போக வேண்டாம். மற்ற நாட்களில் ஈரமணல் முடிந்து, காய்ந்த மணலுக்குள் நன்றாகத் தள்ளி உட்காருங்கள். கடல்நீரை நீங்கள் வாளியில் கொண்டுவந்து கொடுத்தால் மகளுக்கு அதுவே போதும். பிள்ளையை இறக்குமுன் உங்கள் புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அவனுக்குப் பொத்துப்போகும்.

மணலை வாயில் போடுகிற வயதாச்சே என்று தோன்றினால், வட்டக்கோட்டை நல்லது. புல்தரை, கோட்டை மதில், கடற்காற்று மூன்றும் ஒரே இடத்தில். மதில்மேல் ஏறும்போது மகளின் கையை விட வேண்டாம்.

திற்பரப்பில் அருவிக்கு அடியில் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தக் கூடாது. விழும் நீரின் வேகத்தைச் சின்ன கழுத்து தாங்காது, பாறையும் வழுக்கும். தேங்கிய குளத்தில் முக்கி எடுப்பதை அறவே தவிருங்கள். 2024-லும் 2025-லும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியது. வெதுவெதுப்பான தேங்கு நீரில் இருக்கும் அமீபா பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது. பிள்ளைகள் மூக்கில் தண்ணீர் ஏறாமல் குளிக்கமாட்டார்கள்.

திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்கு மகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். குழித்துறையிலிருந்து ரயிலில் போவது பஸ்ஸைவிட மேல். எழுந்து நடக்க இடமுண்டு, வளைவுகளில் வாந்தி வராது. அதற்கும் திங்கள்கிழமை விடுமுறை. முழுவதும் சுற்ற ஆசைப்படாதீர்கள். மேடும் பள்ளமுமான பெரிய வளாகம் அது. நீர்யானை, குரங்கு என்று நான்கைந்து கூண்டு பார்த்தாலே இரண்டரை வயதுக்கு நிறைவு. இது ஒன்றுதான் பதினொரு மணிக்குள் திரும்ப முடியாத பயணம். எனவே மதியத்தை மின்விசிறியுள்ள அறையில் கழித்து, நான்குக்குப் பிறகு ரயிலேறுங்கள்.

சாப்பாட்டில் உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை, ஊரிலேயே மட்டி வாழைப்பழம் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். குமரியில் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுவதே அதைத்தான். உரிக்கும்வரை தோலே மூடி என்பதால் பயணத்துக்கு அதைவிடச் சுத்தமான உணவு கிடையாது. அங்கேயே உரித்து, கரண்டியால் மசித்து ஊட்டுங்கள். ஏத்தங்காய்ப் பொடிக் கூழ் (நேந்திரன் வாழைக்காய்ப் பொடியில் காய்ச்சுவது) சத்தானதுதான், ஆனால் காய்ச்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இந்த வெயிலில் வைக்கக் கூடாது. நுங்கை மகளுக்கு முழுச் சுளையாகக் கொடுக்காதீர்கள்; வழுக்கித் தொண்டையை அடைக்கும். தோல் நீக்கிப் பொடியாக நறுக்குங்கள், சின்னவனுக்கு மசித்துக் கொடுங்கள். முழு நிலக்கடலையும் அப்படித்தான், இருவருக்குமே வேண்டாம். வழியோரச் சர்பத்தில் ஆபத்து ஐஸில் இருக்கிறது. கண்ணெதிரே சீவிய கருக்கு (இளநீர்) நல்லது.

சின்னவனுக்கு வெயில் நாளில் தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள். இடையே ஆறிய வெந்நீர் ஒன்றிரண்டு வாய். மகளுக்கு அரைமணிக்கொரு தடவை நாலு மடக்கு, கேட்கக் காத்திருக்க வேண்டாம். 2015 முதல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்திருக்கிறார்கள், இருந்தாலும் கைவசம் ஒரு துப்பட்டா இருக்கட்டும்.

பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு கட்டாயம். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. உறையைப் படித்து அந்த அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிப் பிள்ளைக்கே கேடு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. டெட்ரா பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைச் சூட்டக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

வீட்டுக்காரர் பைக்கில் நால்வரையும் ஏற்றிக்கொண்டு போக நினைத்தால் தடுத்துவிடுங்கள். 2023 பிப்ரவரி முதல் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பைக்கில் ஏற்ற ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது, ஒன்பது மாதம் முதல் ஹெல்மெட்டும் கட்டாயம். உங்கள் மகனுக்கு இன்னும் ஹெல்மெட் வயதுகூட ஆகவில்லை. காரோ ஆட்டோவோ பிடியுங்கள். வெயிலில் நின்ற காரின் கதவுகளை ஐந்து நிமிடம் திறந்துவைத்துவிட்டு ஏறுங்கள். கடையில் ஒரு நிமிட வேலை என்றாலும் பிள்ளையை உள்ளே விட்டுப்போகக் கூடாது. பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறும்.

ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, அழுதும் கண்ணீர் வராதது, கண் குழிவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உலாவை அங்கேயே நிறுத்துங்கள். நிழலுக்குப் போய் உடுப்பைக் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து விசிறுங்கள். ஐஸ் வேண்டாம். பால் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்; கண் திறக்கவில்லை, வலிப்பு வருகிறது என்றால் 108-ஐ அழையுங்கள்.

வீட்டிலிருக்கும் மதியங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு சிரட்டை, ஒரு வடிகட்டி போதும். நிழலான திண்ணையில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் விட்டு இருவரையும் உட்கார வையுங்கள். அந்த ஆழமும் கைக்குழந்தைக்கு ஆபத்துதான். கையெட்டும் தூரத்தில் ஒருவர் போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டும். வீட்டுக்காரர் ஊரில் இருக்கும் மாதமல்லவா, அந்த வேலையை அவருக்கே கொடுங்கள். முடிந்ததும் தண்ணீரைக் கொட்டி, தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடச் சொல்லுங்கள்.