கடைசி வார்த்தை ஏன் கேட்பதில்லை?

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நான்காவது பீரியட் வந்தால் வாக்கியத்தின் கடைசி வார்த்தை எனக்கே கேட்பதில்லை. தலைமையாசிரியை “அடிவயிற்றிலிருந்து பேசுங்கள்” என்கிறார். வயிற்றுக்குள் காற்று போகுமா?
- ஓர் ஆசிரியை, திருமங்கலம்

வயிற்றுக்குள் போன காற்று ஏப்பமாகத்தான் திரும்பி வரும், டீச்சர். பேச்சுக்கான காற்று முழுவதும் நுரையீரலில்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் தலைமையாசிரியை சொன்னதில் பாதி சரி.

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. அதன் அடியில், மேல்நோக்கிக் குவிந்தபடி உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அது சுருங்கினால் தட்டையாகிக் கீழே இறங்கும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள வெளித்தசைகள் மார்புக்கூட்டைத் தூக்கி அகலமாக்கும். உள்ளே இடம் பெருகியதும் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று நுழைகிறது. 1662-இல் ராபர்ட் பாயில் எழுதிய அதே விதிதான். கீழே இறங்கும் உதரவிதானம் குடலை அழுத்துவதால் வயிறு முன்னால் தள்ளும். அதைப் பார்த்துத்தான் காற்று வயிற்றுக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் போதும். இழுக்க நான்கு பங்கு நேரம் என்றால் விட ஆறு பங்கு. பேச ஆரம்பித்ததும் இந்தக் கணக்கு மாறிவிடும். வெடுக்கென்று ஒரு பங்கில் இழுத்துவிட்டு, மீதி ஒன்பது பங்கும் விட்டுக்கொண்டே இருக்கிறோம். அவ்வளவு நேரமும் குரல்நாண்களுக்குக் கீழே அழுத்தம் ஏறக்குறைய சீராக இருக்க வேண்டும். சாதாரணப் பேச்சுக்கு அது 5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அழுத்தம், அதாவது அத்தனை செ.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்.

என் மேசையில் உயரமான ஒரு கண்ணாடி டம்ளரும் ஸ்ட்ராவும் எப்போதும் இருக்கும். ஸ்ட்ராவை 5 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீரில் முக்கி, 5 நொடி விடாமல் குமிழி விடச் சொல்வேன். அது முடிந்தால் பேசத் தேவையான அழுத்தம் உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம். என்னிடம் வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே செய்துவிடுவார்கள். ஆக, பலக்குறைவு இல்லை.

சிக்கல், நெஞ்சு முட்ட மூச்சு இழுப்பதில்தான். நிறைய இழுத்த நுரையீரல், ஊதிய பலூன் போலத் தானாகவே சுருங்கப் பார்க்கும். முழு மூச்சில் அந்த அழுத்தம் மட்டுமே 30 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். நமக்கு வேண்டியதோ 7, 8. மிச்சத்தை யார் தடுப்பது? மூச்சை உள்ளே இழுத்த அதே தசைகள்தான். அவை சட்டென்று விட்டுவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து பிரேக் பிடிக்கின்றன. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டிரேப்பர், லேட்ஃபோகெட், விட்டரிட்ஜ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும், பேசுபவரின் தசைகளில் மின்முனை வைத்தும் உணவுக்குழாயில் சிறு பலூன் இறக்கியும் இதை அளந்து 1959-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு அசைக்கும் மார்பு ஒரு தள்ளு தள்ளுகிறது என்று அதுவரை நம்பப்பட்டதை அந்த அளவீடு ஆட்டம் காண வைத்தது.

காற்று குறையக் குறைய பிரேக்குக்கு வேலை இல்லை. இயல்பாக மூச்சு விட்டு முடிக்கும் அளவுக்கும் கீழே போனபின், விலாவின் உள்தசைகளும் வயிற்றுத் தசைகளும் பிழிந்துதான் குரலை எடுக்க வேண்டும். உங்கள் வாக்கியத்தின் வால் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. முதல் நாலு வார்த்தையில் காற்றைக் கொட்டிவிடுகிறீர்கள், கடைசியில் தொண்டையை இறுக்குகிறீர்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் நட்டம் இரட்டிப்பு. “ஒளிச்சேர்க்கை இருட்டில்...” வரை கணீரென்று கேட்டு, ‘நடக்காது’ மட்டும் அமுங்கினால் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள்?

தலைமையாசிரியை சொன்னதில் சரியான பாதி இது: நின்று பேசும்போது வயிற்றுத் தசைகள் தொடக்கத்திலிருந்தே லேசாக இறுகி, உதரவிதானத்தை மேலே ஏந்திக்கொள்கின்றன. அதனால்தான் அடுத்த மூச்சைச் சட்டென்று இழுக்க முடிகிறது. வயிற்றை வேண்டுமென்றே எக்க வேண்டாம். பாவாடை நாடாவையும் மூச்சு முட்டக் கட்டாதீர்கள் (இதை ஆண் மருத்துவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்). அப்புறம், பெரிய மூச்சு வேண்டாம். சின்ன மூச்சாக அடிக்கடி எடுங்கள். ‘ஆகவே’, ‘ஆனால்’ என்ற இடங்களில் நின்று எடுத்தால் வகுப்பில் யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் பார்த்தும் குரல் கரகரப்பாகவே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டிவிடுங்கள்.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் “நத்தம் திண்டுக்கல், நத்தம் திண்டுக்கல்” என்று மூச்சே விடாமல் கூவுகிறார்களே, அவர்களுக்கு நுரையீரல் பெரிதா?
- கல்லூரி மாணவர், மேலூர்

இல்லை தம்பி. நுரையீரலின் கொள்ளளவைப் பெரும்பாலும் உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதுதான் முடிவு செய்கிறது. கூவியெல்லாம் அதைப் பெரிதாக வளர்த்துவிட முடியாது. பேச்சில் நொடிக்கு 100 முதல் 200 மில்லி காற்றுதான் செலவாகும். ஒரு லிட்டர் இருந்தால் ஐந்து நொடிக்குக் குறையாமல் ஓட்டலாம். அடுத்த முறை பக்கத்தில் நின்று கவனியுங்கள், ‘கல்’லுக்கும் ‘நத்த’த்துக்கும் நடுவே வாயால் ஒரு திருட்டு மூச்சு எடுப்பார்கள். அவர்கள் தொண்டையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அழுத்தம் கூடக்கூடக் குரல்நாண்கள் அவ்வளவு பலமாக மோதிக்கொள்ளும்.

மூச்சை இழுத்துக்கொண்டே பேச முடியுமா? என் மகன் கேட்கிறான்.
- இல்லத்தரசி, காரைக்குடி

முடியும், குரல்தான் கீச்சென்று, சொரசொரவென்று வரும். விம்மி அழும் குழந்தை பேசுவதைக் கேளுங்கள், நடுநடுவே உள்ளிழுக்கும் மூச்சிலும் சொல் வரும். வட சுவீடனில் ‘ஆமாம்’ என்பதற்குச் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தாலே போதும். மகனுக்கு இன்னொன்றும் காட்டுங்கள்: நாம் உச்சுக் கொட்டும்போது நுரையீரலுக்கு வேலையே இல்லை, நாக்கு உறிஞ்சுவதுதான் ஒலி. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே கொட்டலாம். தென்னாப்பிரிக்காவின் ஜூலு, கோசா மொழிகளில் அந்த மாதிரி ஒலிகள் சொற்களுக்குள்ளேயே மெய்யெழுத்தாக வருகின்றன.